உறங்கவிடாத முதுகுவலி



காண்டா சுமப்பவருக்கும் செம்பனைக் குலை தூக்குபவருக்கும் முதுகுவலி புதிதல்ல. வேலை செய்தால் வலிக்கும். பாயில் சாய்ந்தால் தணியும். நான் சொல்ல வந்தது வேறொரு வலி. அது படுத்தாலும் விடாது. நள்ளிரவில் எழுப்பி உட்கார வைக்கும்.

எங்கள் பள்ளிக்கு அடுத்த லயத்தில் ஓர் அக்கா இருக்கிறார். மார்பில் வந்த புற்றுக்கு அறுவை செய்துகொண்டு, மூன்று வருடம் நன்றாகவே இருந்தார். பிறகு நடு முதுகில் வலி. தைலம் தேய்த்தார்கள், உருவிவிட ஆள் வந்தார். (வயசுக் கோளாறு என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.) ஒரு நாள் காலில் இருந்த செருப்பு கழன்று போனதே அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் சிறுநீர் அடைத்துக்கொண்டது. அன்றுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மார்பு, நுரையீரல், சிறுநீரகம் போன்ற இடங்களில் தோன்றும் புற்று இரத்தத்தோடு போய் முதுகெலும்பில் தங்குவதுண்டு. அது எலும்பை அரிக்கும். உள்ளே ஓடும் தண்டுவடத்தை நெரிக்கும். கால்களுக்கு மூளையின் கட்டளை போகும் வழி அதுதான். அரித்த எலும்பை அழுத்தி உருவினால் நொறுங்கவும் கூடும்.

எம்.ஆர்.ஐ. படம் பார்த்த டாக்டர், அவசரமாக முதுகைத் திறந்து, கட்டியையும் கெட்டுப்போன எலும்பையும் எடுத்தார். எடுத்துவிட்டால் உடம்பின் பாரத்தை எது தாங்கும்? செல்லரித்த தூணை எடுத்தால் புதுத்தூண் நிறுத்த வேண்டுமல்லவா? அப்படியே மேலும் கீழும் உள்ள நல்ல எலும்புகளில் டைட்டானியம் திருகாணிகளை இறக்கி, இருபுறமும் கம்பியால் பிணைத்தார். நடுவில் கூண்டு போன்ற சிறு குழாயை நிறுத்தினார். காயம் ஆறியபின் கதிர்வீச்சு கொடுத்தார்கள்.

இதனால் புற்று ஒழிந்துவிடாது. டாக்டரும் அதை மறைக்கவில்லை. காப்பாற்ற முயன்றது கால்களை. 2005-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் இப்படித் தண்டுவடம் நெரிபட்ட 101 பேர் இருந்தார்கள். நடக்க முடியாமல் வந்தவர்களில், அறுவையும் கதிர்வீச்சும் பெற்ற 16 பேரில் 10 பேர் மறுபடி நடந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்ற 16 பேரில் நடந்தவர் 3 பேர். கால்கள் முற்றிலும் விழுந்து 48 மணி நேரம் தாண்டியவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை.

எல்லோருக்கும் கத்தி வைக்க முடியாது. உடம்பு தாங்குமா என்று டாக்டர் பார்ப்பார். ஆனால் புற்று வந்தவருக்கு முதுகு வலித்து, கால் தளர்ந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, அன்றே அழைத்துப் போங்கள். நாளைப் பெரட்டு முடியட்டும் என்று இருக்காதீர்கள்.

அக்கா இப்போது கைத்தடியோடு வாசல்வரை நடக்கிறார். இடது கால் சற்று இழுக்கிறது. பால் வெட்டப் போவதில்லை. காலையில் கோழிகளுக்குத் தீனி போடுவது அவர்தான்.