பைபாஸ்ல போனா பரோட்டா கிடைக்காது

மதுரையிலிருந்து நெல்லைக்குப் போற நாலுவழிச் சாலை விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி எல்லாத்தையும் ஊருக்கு வெளியிலேயே தாண்டிடுது. நேரம் மிச்சம்தான், ஒத்துக்கறேன். ஆனா வழியில ஏதோ ஒரு மோட்டல்ல நிறுத்தி, நாலு ஊர் பண்டத்தையும் ஒரே அலமாரியிலேருந்து எடுத்துட்டு "எல்லாம் வாங்கியாச்சு"ங்கறோம் பாருங்க, அதான் எனக்கு ஒப்பல.

விருதுநகர் எண்ணெய் பரோட்டாவை டப்பாவுல அடைக்க முடியுமா? எண்ணெயில பொரிச்சு எடுத்த சூட்டோட பிச்சுப் போட்டு சால்னாவை ஊத்தணும். ஓரமெல்லாம் மொறுமொறுன்னு, நடுவுல மட்டும் ஊறி... அரை மணி நேரம் போனா அது வேற பண்டம் சாமி! நெல்லை அல்வாவும் அப்படித்தான். கோதுமைப் பால், சர்க்கரை, நெய், அவ்வளவுதான் சரக்கு. சாயந்திரம் இலையில சுடச்சுட வாங்கி, கடை வாசல்லயே நின்னு சாப்பிடணும். மறுநாள் பாக்கெட்டைப் பிரிச்சா நெய் உறைஞ்சுபோய் உம்முன்னு உக்காந்திருக்கும்.

கோவில்பட்டி கடலைமிட்டாய் கெட்டுப்போகாதே, 2020-லயே புவிசார் குறியீடும் வாங்கிடுச்சே, அதுக்கு எதுக்கு ஊருக்குள்ள போகணும்னு கேப்பீங்க. குறியீடு பேரைத்தான் காப்பாத்தும். வண்டியெல்லாம் வெளியிலேயே பறந்துட்டா ஊருக்குள்ள இருக்கற சின்னக் கடைக்காரர் யாருக்கு விப்பாரு?

அடுத்த தடவை சாத்தூர்ல இறங்கி கால் கிலோ காரச்சேவு வாங்கிக் கொறிச்சுப் பாருங்க. வெள்ளரிக்காய் வந்திருந்தா அதையும் விட்டுடாதீங்க. உங்க ஊருக்குள்ள என்ன இருக்குன்னும் சொல்லுங்க மக்கா, வண்டியைத் திருப்பிடுவோம்.