முதலில் காணியைப் பற்றிக் கதைப்போம்

"சம்பளத்தில ஒரு பங்கை ஒதுக்கு, கண்ட கண்ட செலவைக் குறை, முப்பது வயசுக்குள்ள சொந்த வீடு." வங்கி விளம்பரத்தில் இருந்து யூடியூப் அண்ணாமார் வரை எங்கட வயசுப் பிள்ளைகளுக்குச் சொல்வது இதைத்தான். கலியாண வீட்டுப் பந்தலில் போய் இருந்தாலும் யாராவது ஒரு மாமா பக்கத்தில் வந்து இதையே சொல்வார். சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் குறைந்த வருமானத்தில் சீவிக்கும் ஒருவருக்கு இது பழி போடும் பேச்சு. உனக்கு வீடு இல்லையென்றால் அது உன்ர பிழை, நீ சேமிக்கேல்லை என்பதைத்தான் நாகரிகமாகச் சொல்கிறார்கள்.

சரி, சேமித்தே பார்ப்போம். 2026 ஜனவரியில் இருந்து தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிந்தால் கையில் 27,600. யாழ்ப்பாண நகரத்துப் புடவைக்கடை ஒன்றில் நாள் முழுக்கக் காலில் நிற்கும் ஒரு அக்காவுக்கு இந்தச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, பஸ் காசு, கரண்ட் பில், தம்பியின்ர ரியூசன், அம்மாவின்ர மருந்து எல்லாம் போக மாதம் 5,000 மிச்சம் பிடிக்கிறா என்றே வைப்போம். அதுவே பெரிய கெட்டித்தனம்.

இனிக் காணி. பத்துப் பேர்ச் கொண்ட ஒரு பரப்பை மலிவாகவே பத்து இலட்சம் என்று போடுவோம். நகரத்தை அண்டிய பக்கம் இந்த விலையைச் சொன்னால் தரகர் சிரிப்பார். இருந்தாலும் போடுவோம். மாதம் ஐயாயிரம்படி 200 மாதம், அதாவது 16 வருடமும் 8 மாதமும். இது வெறும் நிலத்துக்கு மட்டும். கிணறு இல்லை, மலசலகூடம் இல்லை, ஒரு சீமெந்துக் கல்லுக்கூட இல்லை. அத்தோடு அந்தப் பதினாறு வருடமும் விலைவாசி அசையாமல் நிற்கவும் வேண்டும். 2021இல் ஆயிரத்துச் சொச்சமாக இருந்த ஒரு பை சீமெந்து 2022இல் மூவாயிரத்தைத் தாண்டியது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. சீட்டுக் கட்டிச் சேர்த்தவர், நகை வாங்காமல் சேர்த்தவர், எல்லாருடைய கணக்கும் ஒரே வருடத்தில் உடைந்தது. சிக்கனம் தெரியாததாலா உடைந்தது?

அப்படியென்றால் வீடு இருப்பவர்களுக்கு அது எப்படி வந்தது என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். எங்கட ஊரில் பெரும்பாலும் மூன்றே மூன்று வழிதான்: முதிசம், சீதனம், வெளிநாட்டுக் காசு. மாதச் சம்பளத்தில் மட்டும் காணி வாங்கி வீடு கட்டியவர்களை விரல் விட்டு எண்ணலாம். வீட்டைப் பெற்றவர்கள்தான் வீட்டைச் "சம்பாதிப்பது" எப்படி என்று எங்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

சட்டமும் பெறுபவர் பக்கம்தான் சாய்ந்து நிற்கிறது. காணியை அறுதியாக வாங்கினால் முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம் என்பது வழமையான முத்திரை வரி. பத்து இலட்சக் காணிக்கு 39,000 ரூபா. அதே காணியை அப்பா மகளுக்கு நன்கொடையாக எழுதினால் முதல் ஐம்பதாயிரத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 2 வீதம், 20,500 ரூபா. புடவைக்கடை அக்கா வரிக்கு மட்டும் இன்னும் எட்டு மாதம் சேமிக்க வேண்டும். தேசவழமையின்படி பங்குக் காணியில் ஒரு பங்கை வெளியாருக்கு விற்க முதல் மற்றப் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும்; 1947ஆம் ஆண்டுச் சட்டம் அதை இன்றுவரை காக்கிறது. உறவுக்குள் இருக்கும் காணி உறவுக்குள்ளேயே சுற்ற இது நல்ல ஏற்பாடு. உறவில் ஒருவருக்கும் காணி இல்லாத குடும்பத்துக்கு இதில் என்ன இருக்கிறது?

சீதனத்தை "பெண்ணுக்குச் சொத்துரிமை" என்று பெருமையாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், மணமான பெண் தன் பெயரில் இருக்கும் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். வீடு அவளுடைய பெயரில், சாவி அவனுடைய கையில். கூலி வேலை செய்யும் அப்பா ஒருவருக்கு இரண்டு மகள்மார் இருந்தால், அவர் திட்டமிடுவது தன்னுடைய முதல் வீட்டையல்ல, மருமக்களுக்குக் கொடுக்க வேண்டிய இரண்டு வீடுகளை. அதற்காகக் காணியை ஈடு வைப்பார். காணி இல்லாதவர் எதை வைப்பார்?

"ஏன், அரசாங்கம் வீட்டுத்திட்டம் தருகுதுதானே?" தந்தது. 2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா கட்டம் கட்டமாகக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தகரக் கொட்டிலில் இருந்து கல்வீட்டுக்கு வந்தன, அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காசு வீட்டை முடிக்கப் பலருக்குக் காணவில்லை. மிச்சத்துக்கு நகை அடைவுக்குப் போனது, பிறகு நுண்கடன்காரர் வாசலுக்கு வந்தார்கள். வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஓர் இலட்சத்துக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனை 2018இல் அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது என்றால் நிலைமை எங்கே போயிருந்தது என்று யோசியுங்கள். பிறகு வீடமைப்பு அதிகார சபையின் வீடுகள் வந்தன. 2019 இறுதியில் ஆட்சி மாறியதும் காசு நின்றது. அத்திவாரத்தோடும் அரைச்சுவரோடும் நின்ற வீடுகளுக்குப் பக்கத்தில் சனம் கொட்டிலிலேயே இருந்தது.

இந்தத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக்குணம் இருக்கிறது. விண்ணப்பத்தோடு விதானையாரிடம் போனால் முதல் கேள்வி, "காணி இருக்கோ?" இல்லையென்றால் கதை அத்தோடு முடிஞ்சுது. யார் எல்லாரையும் விட வறியவரோ அவர்தான் முதலில் வெளியே நிற்கிறார். வங்கியிலும் இதேதான்: சுத்தமான உறுதி, சம்பளப் பத்திரம், இரண்டு பிணையாளிகள். தென்னோலை பின்னுபவருக்கும் தோட்டத்தில் கூலிக்குக் களை பிடுங்குபவருக்கும் சம்பளப் பத்திரம் யார் கொடுப்பது?

இனி, யாழ்ப்பாணத்தில் ஒருவரும் சத்தமாகச் சொல்லாத பகுதிக்கு வருவோம். 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்தவர்கள் சுன்னாகம், மல்லாகம் பக்கத்து முகாம்களில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தார்கள். காணிகள் கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டபோது உறுதி வைத்திருந்தவர்கள் ஊருக்குப் போனார்கள். கடைசி வரை முகாமில் தங்கியவர்களில் நிறையப் பேர் இடம்பெயர முதலே சொந்தக் காணி இல்லாதவர்கள், அடுத்தவர் வளவில் குடியிருந்தவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர். இராணுவம் வெளியேறினாலும் இவர்களுக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இல்லை. காசு சேர்த்துக்கொண்டு போனாலும் "அந்த ஆக்களுக்கு இந்த ஒழுங்கைக்குள்ள குடுக்கிறேல்லை" என்று தரகர் மெல்லமாகச் சொல்லிவிடுவார். எந்த உறுதியிலும் எழுதப்படாத நிபந்தனை அது.

இதைச் சொன்னால் உடனே கோபம் வருகிறது. "ஆமி வச்சிருக்கிற காணியை விட்டிட்டு எங்கட ஆக்களிட்ட ஏன் கணக்குக் கேக்கிறியள்?" ஆமியிடமும் கேட்கிறோம், விடமாட்டோம். 2025 மார்ச்சில் வந்த வர்த்தமானி வடக்கில் 5,941 ஏக்கரைக் குறி வைத்தபோது, அதில் 3,669 ஏக்கர் யாழ்ப்பாண மாவட்டம், எல்லாரும் சேர்ந்துதான் எதிர்த்தோம். எதிர்த்தது சரி. ஆனால் "எங்கள் நிலம் எங்களுக்கு" என்று கத்தும்போது அந்த "எங்களுக்கு" என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள்? ஒரு துண்டும் இல்லாதவர் அந்தக் கூட்டத்தில் எங்கட பக்கத்தில் நின்று கத்தியவர்தான். மீட்ட நிலத்தில் அவருக்கு எத்தனை பேர்ச்?

வெளிநாட்டில் இருப்பவர்கள் குளிரில் கிடந்து உழைத்த காசு என்பதும் உண்மை. அவர்கள் வீடு கட்டுவதில் எங்களுக்குப் பொறாமை இல்லை. ஆனால் கோயில் திருவிழாவுக்கு இரண்டு கிழமை திறந்து மிச்சம் ஐம்பது கிழமையும் பூட்டிக் கிடக்கும் வீடும், விலை ஏறட்டும் என்று பற்றையாகப் போட்டிருக்கும் வளவும், பக்கத்தில் வாடகைக்குக் கூட இடம் கிடைக்காத குடும்பமும் ஒரே ஒழுங்கையில் இருப்பது வெறும் தனிப்பட்ட விசயம் என்று சொன்னால் நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

எங்கட கேள்விகள் பெரிதில்லை. எந்த வீட்டுத்திட்டம் வந்தாலும் காணியில்லாத குடும்பங்கள் பட்டியலில் முதலாவதாக இருக்க வேண்டும். காணியும் வீடும் சேர்த்தே கொடுக்கப்பட வேண்டும். உறுதியில் கணவன் மனைவி இருவரின் பெயரும் இருக்க வேண்டும். கோயில்களும் தேவாலயங்களும் சும்மா வைத்திருக்கும் காணிகளை நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கலாம். வருடக்கணக்கில் பற்றையாகக் கிடக்கும் வளவுகளுக்குக் கூடுதல் வரி அறவிடலாம். தவணைக்கொரு தரம் காசு நிற்கும் அரை வீடுகள் வேண்டாம். குறைவாகக் கட்டினாலும் முழுசாகக் கட்டித் தாருங்கள்.

எங்கட பங்கும் ஒன்று இருக்கிறது. இதை வாசிக்கும் பெடியள் நாளைக்குக் கலியாணம் பேசும்போது "வீடும் வளவும் இருக்கோ?" என்று அம்மா கேட்டால், அந்த இடத்திலேயே மறிக்க வேண்டும். பிறகு மறிப்பம் என்று விட்டால் நடவாது. அதோடு, 2025இல் நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிந்த பிரதேச சபை உறுப்பினர்கள் இப்போது கதிரையில் இருக்கிறார்கள். உங்கட வட்டாரத்து உறுப்பினரிடம் இந்தக் கிழமையே போய் ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கட வட்டாரத்தில் காணியில்லாத குடும்பம் எத்தனை, அந்தப் பட்டியல் உங்களிடம் இருக்கிறதா? பட்டியல் இல்லையென்றால், அதை எழுதத் தொடங்குவது எங்கட வேலை.