கால் எரிச்சல் தானா நின்னுபோச்சுன்னா...

பூன் லே, ஜூரோங் வெஸ்ட் பக்கத்து அன்பர்களுக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுல சர்க்கரை உள்ள பெரியவங்க இருந்தா படிச்சுக் காட்டுங்க.

அன்னதானம் சாப்பிடும்போது பேச்சு காதுல விழும். "ராத்திரி படுத்தா பாதம் தீயா எரியுது", "ஊசி குத்துற மாதிரி இருக்கு", "போர்வை பட்டாலே தாங்கல". பல வருஷம் ரத்தத்துல சர்க்கரை கூடியே இருந்தா நரம்பு கெட்டுப்போகும். நீளமான நரம்புதான் முதல்ல அடிவாங்கும்; அதனாலதான் கால் விரல்ல ஆரம்பிச்சு மேல ஏறுது.

வலின்னு சொல்றவங்களைப் பத்தி எனக்கு அவ்வளவு பயமில்லை. எப்படியும் டாக்டர்கிட்ட போயிடுவாங்க. "முன்னாடி எரியும், இப்ப ஒண்ணுமே தெரியல, முருகன் புண்ணியத்துல சரியாயிடுச்சு"ன்னு சொல்றவங்களை நினைச்சாதான் பயம். சர்க்கரையும் குறையல, மருந்தும் மாத்தல, எரிச்சல் மட்டும் தானா அடங்கிடுச்சுன்னா, உணர்வே போயிருக்கலாம். அப்புறம் கல்லு குத்தினாலும் தெரியாது, புண்ணு சீழ் வச்சாலும் தெரியாது. சிங்கப்பூர்ல சர்க்கரை நோயால வருஷத்துக்குச் சுமார் 1,500 முறை காலையோ விரலையோ எடுக்க வேண்டியிருக்குன்னு சொல்றாங்க. நாளைக்கு நாலு! 2017 தேசிய தினப் பேரணியில அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், 60 வயசைத் தாண்டின இந்தியர்கள்ல 10-க்கு 6 பேருக்குச் சர்க்கரைன்னு சொன்னார். நம்ம பந்தியில உட்கார்ந்திருக்கிற பெரியவங்களை அப்படி எண்ணிப் பாருங்க.

இப்ப கோயில் விஷயம். தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு வரைக்கும் மூணு கிலோமீட்டருக்கு மேல வெறுங்கால்ல நடக்கிறோம். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில்ல தீமிதி. "எனக்குச் சூடே தெரியல"ன்னு ஒருத்தர் சொன்னா, பக்தின்னு மெச்சுறதுக்கு முன்னாடி அவருக்குச் சர்க்கரை இருக்கான்னு கேளுங்க. மரத்துப்போன காலோட இப்படி வேண்டிக்கிறதை நாம ஊக்கப்படுத்தக் கூடாது, இது என் கருத்து. சிலருக்குக் கோபம் வரலாம், வரட்டும். பால்குடத்தைக் கோயிலுக்குள்ளேயே எடுக்கலாம், பூ கட்டலாம், காய் நறுக்கலாம். முருகன் கிலோமீட்டர் கணக்கா பாக்கப் போறார்?

வலி இருக்கிறவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. வெந்நீர்ல காலை வைக்காதீங்க, சூட்டு ஒத்தடமும் வேண்டாம், வெந்துபோறதே தெரியாது. பனடோல் இந்த வலிக்குப் பெருசா கேக்காது. டாக்டர் கபாபென்டின், பிரிகாபலின், டுலோக்செட்டின், அமிட்ரிப்டிலின் இதுல ஏதாவது ஒண்ணு எழுதிக் கொடுக்கலாம். தாள்ல "வலிப்பு", "மனச்சோர்வு"ன்னு இருக்கிறதைப் பாத்துட்டு "எனக்கென்ன பைத்தியமா?"ன்னு தூக்கிப் போடுறாங்க! அதே மருந்துதான் நரம்பு வலியையும் அடக்குது. குறைஞ்ச அளவுல தொடங்கி மெதுவா கூட்டுவாங்க, பலன் தெரிய சில வாரம் ஆகும். தூக்கமோ தலைசுத்தலோ வந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. கிட்னி பிரச்சினை இருந்தா அதையும் முதல்லயே சொல்லிடுங்க.

இன்னொண்ணு. மெட்பார்மின் ரொம்ப நாள் சாப்பிட்டா பி12 குறையலாம், அதுவும் இதே மாதிரி எரிச்சல் கொடுக்கும். சுத்த சைவம்னா இன்னும் கவனம். ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சிடும், கேட்டு வாங்குங்க.

பயனீர் பலதுறை மருந்தகம் பக்கத்துலதான் இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாதத்தைக் காட்டுங்க. நைலான் இழையால அழுத்திப் பார்ப்பாங்க, வலிக்காது. வீட்டுல தினமும் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடியில பாருங்க, இல்ல மருமகளையோ பேரனையோ பார்க்கச் சொல்லுங்க.

நம்ம தொண்டூழியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மதிய நேரத்துல வெளிப்பிராகாரத் தரை கொதிக்குது, பாய் விரிச்சு வைங்க. சுத்தமான காலுறை போட்டுக்கிட்டு பெரியவங்க வந்தா வாசல்ல நிறுத்தாதீங்க, உள்ளே விடுங்க.