கழற்றும் முன் ஒரு கட்டளை

மாத்தளைத் தோட்டங்களில் பழைய காகிதத்துக்கு உள்ள மதிப்பு வேறு. 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இந்த நாட்டில்தான் பிறந்தார் என்பதற்கு அத்தாட்சி கேட்டது. அதைக் காட்ட முடியாமல் நாடற்றவர்களாகிப் போன குடும்பங்கள் ஏராளம். அந்தக் காகிதங்களை ஸ்கேன் செய்து ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றும் பிள்ளைகளுக்குத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். குறிப்பாக, லினக்ஸ் கணினியில் கட்டளை தட்டி வேலை செய்பவர்களுக்கு.

நகல் முடிந்துவிட்டது என்று திரை காட்டியதும் வயரைப் பிடுங்காதீர்கள். எழுத வேண்டியதை லினக்ஸ் முதலில் நினைவகத்தில்தான் வைத்துக்கொள்கிறது. வழக்கமான அமைப்பில் அது 30 வினாடிவரைகூட அங்கேயே காத்திருக்கும். டிஸ்க் மெதுவானது என்றால் இன்னும் நேரமெடுக்கும். இடையில் கழற்றினால் கோப்பின் பெயர் இருக்கும், உள்ளே பாட்டனாரின் பிறப்புப் பத்திரம் இருக்காது. 'யூமவுண்ட்' கட்டளை கொடுத்தால் மிச்சம் முழுவதும் எழுதப்படும். கர்சர் அசையாமல் நிற்கும் அந்த நேரத்தில்தான் பலருக்கும் பொறுமை போய்விடுகிறது. அடுத்த வரி வரும்வரை கை வைக்கவே கூடாது.

'டார்கெட் இஸ் பிஸி' என்று வந்தால், பெரும்பாலும் உங்கள் டெர்மினலே அந்தக் கோப்புறைக்குள் நிற்கிறது. வெளியே வந்து மறுபடி கொடுங்கள். அப்போதும் விடாவிட்டால், எந்த நிரல் பிடித்திருக்கிறது என்று 'எல்எஸ்ஓஎஃப்' காட்டும். யூமவுண்டோடு 'மைனஸ் எல்' போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். கோப்புறை கண்ணிலிருந்து மறையும்; பின்னால் எழுதுவது நடந்துகொண்டே இருக்கலாம்.

யாரோ கொடுத்த பழைய டிஸ்க் என்றால், 'எல்எஸ்பிஎல்கே' மூலம் அளவையும் பெயரையும் பாருங்கள். இன்று எஸ்டிபி1 என்று வருவது நாளை எஸ்டிசி1 ஆகலாம். பிறகு 'மவுண்ட்' கட்டளையோடு 'ஆர்ஓ' சேருங்கள்: படிக்க மட்டும், எழுத அல்ல. ஒழுங்காகக் கழற்றப்படாத இஎக்ஸ்டி4 டிஸ்க்கில் அதுவும் போதாது. பாதியில் நின்றதைச் சரிசெய்ய லினக்ஸ் அதில் எழுதப் பார்க்கும். 'நோலோட்' என்பதையும் சேர்த்தால்தான் தொடாமல் இருக்கும்.

ஒரே பிரதியை நம்பி இருக்கவும் கூடாது. மாத்தளை அருகே உள்ள அலுவிகாரையில் கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்த வேதத்தை ஓலையில் எழுதி வைத்தார்கள். 1848 மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அந்த விகாரையில் இருந்த ஏட்டுச் சுவடிகளில் பெரும்பகுதி அழிந்தது. பாலி நூல்கள் பிழைத்தது வேறு விகாரைகளிலும் வேறு நாடுகளிலும் பிரதி இருந்ததால்தான். ஆகவே இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்குங்கள். அதையும் முறைப்படி யூமவுண்ட் செய்து, வேறு ஊரில் உள்ள சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.