பெட்ரோல் கணக்கு நோட்டு



பழைய கார் ஒன்று வீட்டில் இருந்தால் மூன்று துன்பங்கள் அதனோடு குடியிருக்கும் என்று என் தமையனார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஓடினால் பணத் துன்பம். நின்றால் மனத் துன்பம். வீட்டிலேயே பழுது பார்க்கப் புகுந்தால் குடும்பத் துன்பம். முதலிரண்டையும் நான் நெடுநாளாக அறிவேன். மூன்றாவது துன்பம் எத்தகையது என்பதைச் சென்ற மே மாதத்தில்தான் அறிந்துகொண்டேன். அதில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. ஆகவே இம்மாதம் பிறர் குறையைப் பேசாமல் என் குறையையே பேசலாம் என்றிருக்கிறேன்.

தமையனார் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வயது அறுபத்தெட்டு. திண்டுக்கல்லை அடுத்த ஊரொன்றில் அண்ணியாரோடு வாழ்ந்து வருகிறார். அவரிடம் உள்ளது 1987ஆம் ஆண்டின் பிரீமியர் பத்மினி கார். இத்தாலிய ஃபியட் 1100 காரை அடியொற்றிப் பம்பாயில் செய்யப்பட்டு, 1974 முதல் 'பத்மினி' என்ற பெயரைத் தாங்கி வந்த வண்டி அது. பெயர் மாறினாலும் நம்மவர் அதனை 'ஃபியட்' என்றே அழைத்தார்கள். 1089 சி.சி. எஞ்சின், ஸ்டியரிங்கின் பக்கத்திலேயே கியர். இதன் தயாரிப்பு நின்று ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. மும்பை வீதிகளில் கறுப்பும் மஞ்சளுமாக ஓடிய கடைசிப் பத்மினி டாக்சிகளும் 2023 அக்டோபரோடு விடைபெற்றுவிட்டன.

ஆனால் தமையனார் வீட்டில் அது வெறும் வண்டி அன்று. மூத்த மகளை மணப்பெண்ணாகக் கோவிலுக்கு அழைத்துச் சென்றது அது. அண்ணியாரைப் பேறுகாலத்தில் நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தது அது. இன்றும் ஞாயிறு பூசைக்கு இருவரும் அதில்தான் செல்கின்றனர்.

இவ்வாண்டின் தொடக்கத்திலிருந்து அக்காருக்கு ஒரு நோய். காலையில் நன்றாகக் கிளம்பும். நாலைந்து கிலோமீட்டர் சென்றதும் இருமும், திணறும், நின்றுவிடும். அரை மணி நேரம் காத்திருந்து ஸ்டார்ட் செய்தால், ஒன்றும் நடவாததுபோல் ஓடும்.

சென்னையில் பணியாற்றும் அவருடைய மகன் பத்து நாள் விடுப்பில் வந்திருந்தான். "சித்தப்பா, இந்தக் காரை விற்றுவிடச் சொல்லி இரண்டாண்டாகக் கெஞ்சுகிறேன், அப்பா கேட்பதாயில்லை. சரி, நானே பழுது பார்த்துக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் டார்ச் பிடியுங்கள், போதும்" என்றான். விற்கச் சொன்னதிலும் அன்பு இருந்தது. பழுது பார்க்க முன்வந்ததிலும் அன்பு இருந்தது. எனினும் அன்பு மட்டும் இருந்தால் துருவேறிய போல்ட்டு கழன்றுவிடாது என்பதை முதல் நாளிலேயே கண்டோம்.

சூடு ஏறினால் நிற்கிறது. ஆகவே சூட்டினால் கெடும் பொருளே காரணம் என்பது அவன் கணிப்பு. குற்றம் சொல்ல முடியாத கணிப்புதான். கண்டென்சரும் இக்னிஷன் காயிலும் சூட்டில் மயங்கும் இயல்புடையவை. அவற்றை மாற்றினான். டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்டையும் மாற்றினான். ஸ்பார்க் பிளக்குகள் நான்கும் புதியவை வந்தன. இடையே ஒரு சிறு நட்டு எஞ்சினுக்குள் எங்கோ விழுந்து மறைந்தது. அதைத் தேடுவதிலேயே ஒரு பிற்பகல் கழிந்தது. ஸ்பேனர் வழுக்கி அவன் விரல் முட்டிகளில் தோல் உரிந்தது. இரண்டாம் நாள் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்துப் பூட்டினான். வெயிலில் பெட்ரோல் ஆவியாகித் தடைபடுகிறதோ என்று பெட்ரோல் பம்பின்மேல் ஈரத் துணியும் சுற்றினோம். ஒவ்வொன்றும் முடிந்தபின் கார் கிளம்பும், நாங்கள் மகிழ்வோம், ஊர் எல்லைப் புளியமரத்தடியில் அது நின்றுவிடும்.

இதற்குள் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் செலவாகியிருந்தது. மாற்றப்பட்ட பழைய உதிரிகளோ பெரும்பாலும் நல்லவையே.

இவ்வளவும் நடக்கும்போது தமையனார் எங்கே? ஷெட்டின் வாசலில். அவ்வப்போது அருகே வந்து, "தம்பி, ஒன்று சொல்லலாமா? டாங்க்..." என்று தொடங்குவார். மகன் எரிச்சலோடு, "அப்பா, கொஞ்சம் சும்மா இருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பான். அதோடு நின்றதா? நானும், "அண்ணா, வெயிலாக இருக்கிறது, உள்ளே போய் அமருங்களேன்" என்று சொல்லி வைத்தேன். பணிவான சொற்கள்தாம். ஆனால் பொருள் ஒன்றே: நீங்கள் இங்கே வேண்டாம்.

மூன்றாம் நாள் உணவு வேளையில் தந்தையும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. அப்போது அண்ணியார் சோறு பரிமாறிக்கொண்டே என்னிடம், "தம்பி, உங்கள் அண்ணன் மூன்று நாளாக ஒரு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறாரே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது ஒருவர் கேட்டீர்களா?" என்றார்.

ஒருவரும் கேட்கவில்லை.

அது பெட்ரோல் கணக்கு நோட்டு. தலைமையாசிரியர் அல்லவா? பெட்ரோல் போட்ட நாள், லிட்டர், கிலோமீட்டர், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம் எல்லாம் கோடிட்ட கட்டங்களில் ஒழுங்காக இருந்தன. கார் நின்ற நாட்களில் மட்டும் சிவப்பு மையில் 'நின்றது' என்று குறித்து, இடத்தையும் எழுதியிருந்தார். மகன் ஒரு முறை புரட்டினான், மறுபடியும் புரட்டினான். டாங்க் நிறையப் பெட்ரோல் போட்ட நாட்களில் சிவப்பு மை ஓரிடத்திலும் இல்லை. டாங்க் பாதியாகக் குறைந்த பின்னரே அது தலைகாட்டியது.

தமையனார் அமைதியாகக் கேட்டார்: "சூட்டினால்தான் நிற்கிறது என்றால், டாங்கில் எவ்வளவு இருக்கிறது என்பது அந்தச் சூட்டுக்கு எப்படித் தெரியும்?"

அன்று மாலையே டாங்கையும் அதன் இரும்புக் குழாயையும் இணைக்கும் ரப்பர் ட்யூபைப் பார்த்தோம். நீளம் ஒரு சாண்கூட இராது. மடக்கிப் பார்த்தபோது நெடுக வெடிப்பு. கீழே ஒரு சொட்டுப் பெட்ரோலும் ஒழுகவில்லை. அதனால்தான் எவர் கண்ணிலும் படவில்லை. எஞ்சின் பக்கத்திலுள்ள பம்ப் பின்புற டாங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. அவ்வாறு இழுக்கும்போது வெடிப்பின் வழியே பெட்ரோல் வெளியே வராது. காற்று உள்ளே புகும். டாங்க் நிறைந்திருக்கையில் பெட்ரோல் தன் பாரத்தாலேயே குழாயை நிரப்பிக்கொள்ளும். குறைந்ததும் பம்ப் காற்றைக் குடிக்கும், கார்புரேட்டர் வறண்டுபோகும், எஞ்சின் நிற்கும். நூறு ரூபாய்க்கும் குறைவான ஒரு ட்யூபை மாற்றினோம். கார் அன்று புளியமரத்தைக் கடந்து ஓடியது.

பழைய கார் வைத்திருப்போர் இதனைக் கவனத்தில் கொள்வது நல்லது. நம் நாட்டுப் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை 2025ஆம் ஆண்டில் எட்டப்பட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது. பழைய வகை ரப்பரைத் தளர்த்துவது. டாங்கின் அடியில் படிந்த கசடையும் கிளப்பிவிடுவது. ஆகவே முப்பது நாற்பது வயதான வண்டிகளில் பெட்ரோல் செல்லும் ரப்பர் உறுப்புகளை எல்லாம் ஒருமுறை பார்த்து, எத்தனாலைத் தாங்கும் வகையில் மாற்றிவிடுதல் வேண்டும்.

வீட்டில் பழுது பார்க்கும் பிள்ளைகளுக்கும் சில சொற்கள். ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுங்கள்; நான்கை ஒருங்கே மாற்றினால் எதனால் குணமாயிற்று என்பதே தெரியாமற் போகும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காரின் அடியில் படுக்காதீர்கள். உறுதியான ஸ்டாண்டு வைத்து, சக்கரங்களுக்குக் கட்டையும் கொடுங்கள். பெட்ரோல் வேலையை எஞ்சின் ஆறியபின், பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பிரேக் வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். எஞ்சின் நின்றால் வழியில் நிற்போம். பிரேக் நிற்காவிட்டால் நிலைமை வேறு.

இவற்றினும் மேலான ஒரு பாடத்தை அந்த நோட்டு எனக்குக் கற்பித்தது. அந்தக் காரோடு முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவர் வாசலில் நின்றார்; நாங்களோ அதன் நோயை எங்கள் அறிவிலிருந்தே ஊகித்தோம். முதியவர்களின் உதவியை நாம் மறுக்கும்போது அவர்களுக்கு ஓய்வு கொடுப்பதாக எண்ணிக்கொள்கிறோம். அவர்களுக்கோ அது, தாம் இனிப் பயன்படமாட்டோம் என்ற தீர்ப்பாகவே கேட்கிறது. தந்தை சொல்வது எப்போதும் சரியாகவே இருக்கும் என்று நான் கூறவரவில்லை. சரியா தவறா என்பதைச் சொல்லி முடித்தபின் பார்ப்போமே!

இன்னும் ஒன்று. அன்றிரவு மகன் அந்த நோட்டை மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்திருந்தான். பிறகு என்னிடம் மெல்லக் கூறினான்: "சித்தப்பா, அப்பா இருட்டில் ஓட்டுகிறாரே என்ற பயத்தினால்தான் காரை விற்கச் சொன்னேன். இதைப் பாருங்கள்." கடந்த ஓராண்டில் திரும்பிய நேரம் எதுவும் மாலை ஆறைத் தாண்டவில்லை. கண்ணில் ஒளி குறைகிறது என்று உணர்ந்த நாளிலேயே தமையனார் இரவுப் பயணத்தைத் தாமாகவே விட்டிருந்தார். எவரும் கேட்கவில்லை, ஆகையால் அவரும் சொல்லவில்லை.

காரை விற்கும் பேச்சு அதோடு முடிந்துவிட்டதா என்றால், இல்லை. என்றேனும் ஒருநாள் விற்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நாளைத் தந்தையும் மகனும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்வார்கள் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. மறுநாள் காலை இருவரும் காரைப் பிரேக் வேலைக்கு ஒர்க்‌ஷாப்பிற்குக் கொண்டு சென்றார்கள். மகன் ஓட்டினான், தந்தை பக்கத்தில் நோட்டோடு அமர்ந்திருந்தார்.

உங்கள் வீட்டு வாசலிலும் யாரேனும் ஒரு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கலாம். இன்று மாலை கேட்டுப் பாருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.