ஏலக்காய் எந்தத் துறை?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போடியில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "பிள்ளை என்ன படிக்கப் போகுது?" ஒரே வார்த்தையில் பதில் வேண்டும். ஏலக்காய் வியாபாரம் செய்யும் எனக்கு அந்த ஒற்றை வார்த்தையில் நம்பிக்கை இல்லை.

போடிமெட்டுக்கு மேலே தோட்டத்தில் தண்டுத்துளைப்பானை அறியப் பூச்சியியல் வேண்டும். ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் பச்சைக் காயை நிறம் கெடாமல் உலர்த்துவது பொறியியல். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்துக்குக் கணினி வேண்டும். குவாத்தமாலாவில் விளைச்சல் கூடினால் இங்கே விலை ஆட்டம் காண்பது பொருளாதாரம். பூச்சிமருந்து எச்சத்தால் ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வந்தால் வேதியியலோடு சட்டமும் தெரிய வேண்டும்.

ஆகவே துறைகளைச் சேர்த்துப் படிக்க ஆசைப்படும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். சென்னை ஐஐடி 2020-ல் அறிவித்த ஆன்லைன் டேட்டா சயன்ஸ் படிப்பை வேறொரு கல்லூரியில் படித்துக்கொண்டே முடிக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022-ல் யுஜிசியும் அனுமதித்துவிட்டது.

ஆனால் விளம்பரத்தில் மினுக்கும் பட்டப்பெயரை மட்டும் நம்பிச் சேராதீர்கள். தமிழ்நாட்டு அரசு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், அந்தப் பட்டத்தை இணையானதாக ஏற்கும் அரசாணை உண்டா என்று முதலில் பாருங்கள். பாடத்திட்டத்தையும் கேட்டு வாங்குங்கள். நாலு துறையில் நுனிப்புல் மேய்வது படிப்பாகாது.

என் அண்ணன் மகளுக்குச் சொன்னது இதுதான்: பெரியகுளம் கல்லூரியில் தோட்டக்கலையை ஆழமாகப் படி, புள்ளியியலைத் துணைக்கு வைத்துக்கொள்.