அரைகுறை மருந்து, முழு ஆபத்து

1991ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், பம்பாய் குடிசைப் பகுதிகளில் 100 டாக்டர்கள் காசநோய்க்கு 80 விதமாக மருந்து எழுதினார்கள். 2010இல் வெளியான ஆய்வில், தாராவியின் 106 தனியார் டாக்டர்கள் எழுதியது 63 விதம். சரியாக எழுதியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே.

சோதித்துப் பார்த்த மருந்து எதற்குமே கட்டுப்படாத காசநோய், மும்பை இந்துஜா ஆஸ்பத்திரியில் கண்டறியப்பட்டதாக 2012 ஜனவரியில் செய்தி வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. மருந்து அளவிலோ நாளிலோ குறைந்தால் வலுவற்ற கிருமிகள் சாகும், தாக்குப்பிடித்தவை பெருகும். பிறகு அதே மருந்து பலிக்காது.

காசநோய் மருந்துகளையும் கடுமையான ஆண்டிபயாடிக்குகள் பலவற்றையும் டாக்டர் சீட்டின்றி விற்கக்கூடாது. விற்றதை ஏட்டில் பதிந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இது 2014 மார்ச் 1 முதல் சட்டம். ஆனால் சட்டம் கடை வாசலோடு நின்றுவிடுகிறது. தவறான சீட்டையும், பாதியில் நிறுத்துவதையும் அது தடுக்காது.

சாதாரண காசநோய்க்கு 6 மாத மருந்து. இரண்டாம் மாதமே இருமல் அடங்கிவிடும். ஓவர்டைமும் ஊர்ப் பயணமும் அப்போதுதான் குறுக்கிடும். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். முன்கூட்டிச் சொன்னால் சிகிச்சையைச் சொந்த ஊருக்கே மாற்றிக்கொள்ளலாம். கூலி போகிறதே என்று மருந்தை விடுபவர், ஒரே அறையில் படுப்பவர்களுக்கெல்லாம் நோயைப் பங்கு வைக்கிறார்.